குழி எடுக்கும் முன் தூர்களை எண்ணுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களுக்கும், தருமபுரி, அரூர், ஓசூர் வனக்கோட்ட அலுவலர்களுக்கும், இரு மாவட்டக் கிராம வனக்குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்தக் காப்புக்காட்டிலும் கன்று நடக் குழி எடுக்கும் முன், அந்த நிலத்தில் ஏற்கெனவே உயிரோடு இருக்கும் தூர்களையும் (மீண்டும் துளிர்க்கும் அடிமரங்களையும்) வேர்க்கட்டைகளையும் எண்ணி எழுத்தில் வையுங்கள். ஒரே இனத்தை வரிசை பிடித்து நட்டு வெட்டி விற்கும் தோப்புக்கு, எண்ணிக்கை எதுவாக வந்தாலும், காப்புக்காட்டில் இடம் தர வேண்டாம். பழைய தைலமரத் (யூகலிப்டஸ்) தோப்புகளைக் காடாகத் திருப்புவதை அவசரமில்லாமல், முறையாகச் செய்யுங்கள். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

பங்குனி மாதம் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்குகிறவருக்கும், தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகிறவருக்கும் சாலையின் இருபுறமும் சாம்பல் நிறக் குச்சிகள்தான் தெரியும். இலை இருக்காது, புல் காய்ந்திருக்கும், நடுநடுவே பாறை. "சீரழிந்த காடு" என்று பதிவேட்டில் எழுத அந்த ஒரு பார்வை போதும். அப்படி எழுதப்பட்ட நிலம்தான் பிறகு நடவுக்கு ஏற்ற நிலமாகிறது. ஆண்டுக்கு 850 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெறும் ஊரில் காடு தன் மூலதனத்தை மண்ணுக்கு மேலே வைப்பதில்லை. மேலே இருப்பது வட்டி. மூலதனம் முழுவதும் வேரில் கிடக்கிறது.

ஆச்சா மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விதை முளைத்த பிறகு அதன் தண்டு கோடையில் காய்ந்து விழும். மழை வந்ததும் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். இப்படிப் பல ஆண்டுகள் கணுக்கால் உயரத்திலேயே நின்றுகொண்டு ஆணிவேரைப் பாறை இடுக்கில் இறக்கிக்கொண்டே இருக்கும். வேர் ஈரத்தைத் தொட்ட பிறகுதான் தண்டு எழும். நல்ல விதைக்காய்ப்பும் ஆண்டுதோறும் வராது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். வெக்காலியின் கதை இன்னும் கடினம். அதன் விதையில் பெரும்பகுதி உள்ளீடற்ற பதர். படி படியாக விதைத்தாலும் நாற்றங்காலில் விரல்விட்டு எண்ணும் அளவுதான் முளைக்கும். காட்டில் நிற்கும் ஒரு வெக்காலித் தூரை இழந்தால், எந்த நர்சரியிலிருந்தும் அதற்கு மாற்றுக் கொண்டுவர முடியாது என்பதே இதன் பொருள். துரிஞ்சி, பொரசு, காரை, விராலி எல்லாம் வெட்டுக்கும் மேய்ச்சலுக்கும் பிறகு மறுதாம்பாகத் துளிர்ப்பவை. பத்து ஆண்டாக ஆடு கடித்து முழங்கால் உயரத்துக்கு மேல் எழாத துரிஞ்சிப் புதரின் வேர், பத்து வயது மரத்தின் வேர்.

இந்த நிலத்தில் தோப்பு வைக்கும்போது நடப்பதைக் கணக்காகப் பார்ப்போம். 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளி என்றால் ஹெக்டேருக்கு 1,667 குழிகள். குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் 45 சென்டிமீட்டர் என்றால் புரளும் மண் ஏறத்தாழ 150 கன மீட்டர். நம் ஊர்க் கணக்கில் 50 யூனிட்டுக்கு மேல். அதற்கு முன்பே ஜேசிபி உள்ளே வந்து புதர்களைத் தள்ளியிருக்கும், சில இடங்களில் உழவும் ஓடியிருக்கும். அறுபட்ட வேரில் ஒரு பகுதி மீண்டும் துளிர்க்கும். முதல் ஆண்டில் இரண்டு முறை களையெடுப்பு மதிப்பீட்டில் உண்டு. அந்தக் களையெடுப்பில் போவது எது? துளிர்த்து வந்த அதே துரிஞ்சி, அதே காரை, அவற்றின் நிழலில் முளைத்த சந்தனக் கன்று. சந்தனம் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றிக்கொண்டு வாழும் அரை ஒட்டுண்ணி. துணைச் செடியைக் களை என்று வெட்டினால் சந்தனமும் நிற்காது. "களை" என்ற அந்த ஒரு சொல்லே மூன்று ஆண்டில் ஒரு காட்டைக் காலி செய்துவிடும்.

தண்ணீருக்கு வருவோம். தைலமரம் (ஓசூர்ப் பக்கம் நீலகிரி என்போம்) தண்ணீரைக் குடிக்கிறது, இல்லை என்று ஊருக்கு ஊர் வாதம் நடக்கிறது. விடை நம் எல்லைக்கு வெகு அருகிலேயே இருக்கிறது. ஓசூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் உள்ள ஹொசகோட்டேயில் 1990-களில் பிரிட்டன், இந்திய நீரியல் ஆய்வாளர்கள் தைலமரம் குடிக்கும் நீரை நேரடியாக அளந்தார்கள். மண் ஆழமாக இருந்த அந்த இடத்தில், தோப்பு எடுத்துக்கொண்ட நீர் அங்கே பெய்த மழையைவிட அதிகம். இளம் மரங்களின் வேர் ஆண்டுக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் இறங்கி, 8 மீட்டர் ஆழம் வரை முன்பே சேர்ந்திருந்த ஈரத்தை உறிஞ்சியது. மண் ஆழம் குறைந்த வேறு இடத்தில், இளம் தைலமரம் எடுத்த நீர் பக்கத்து இயற்கை இலையுதிர் காடு எடுத்ததைவிட அதிகமில்லை என்றும் அதே ஆய்வில் தெரிந்தது. தைலமரத்தை எதிர்ப்பவர்கள் இரண்டாவது முடிவைச் சொல்லாமல் விடுவதும், ஆதரிப்பவர்கள் அதை மட்டுமே சொல்வதும் சரியில்லை. நமக்கு வேண்டியது இரண்டும் சேர்ந்த பாடம்: மண் எங்கே ஆழமோ அங்கே சேதம் பெரிது. நம் மலைச்சரிவுகளில் மண் மெலிது; ஆழமான மண் இருப்பது மலையடிவாரத்திலும் பள்ளத்தின் ஓரத்திலும் ஏரி நீர்ப்பிடிப்பிலும். மரம் நன்றாகப் பருக்கும் என்று தோப்புக்குத் தேடிப்பிடிப்பதும் அந்த இடங்களைத்தான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நம் காடு மாசி முதல் சித்திரை வரை இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கிறது. அந்த மாதங்களில் அது குடிக்கும் நீர் மிகக் குறைவு. தைலமரம் ஆண்டு முழுக்கப் பச்சை. கோடையில் ஊற்று வற்றுமா வற்றாதா என்பதைத் தீர்மானிக்கும் மாதங்கள் அவையே. நீலகிரி மாவட்டத்துப் புல்வெளி நீர்ப்பிடிப்பில் தைலமரம் வைத்து, உதகமண்டலத்து மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையம் நீண்டகாலம் அளந்தபோது, முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடைக்கு வரும் நீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் வளர்ந்த மறுதாம்புச் சுற்றில் குறைவு 25 சதவீதத்தைத் தொட்டது. அங்கே மழை அதிகம், குளிர் அதிகம். அந்த எண்ணை அப்படியே நம் பக்கத்துச் சின்னாற்றுக்குப் பொருத்தக்கூடாது. ஆனால் மறுதாம்பு முதல் சுற்றைவிடக் கூடுதலாகக் குடித்தது என்ற பாடம் நமக்கும் உரியது. ஒருமுறை நட்டு இரண்டு மூன்று முறை வெட்டும் தோப்புகள்தானே இங்கே வழக்கம்.

தோப்பு தான் நிற்கும் இடத்தோடு நின்றுவிடுவதில்லை. பக்கத்துக் காட்டையும் அது தின்கிறது, மெதுவாக. 100 ஹெக்டேரை நடவுக்காக மேய்ச்சலுக்கு மூடினால் ஆடுமாடு குறைந்துவிடாது, மூடாத காட்டுக்குப் போகும். ஆலம்பாடி மாடும் பட்டி ஆடும் இந்தக் காட்டை நம்பியே வளர்ந்தவை. அதே எண்ணிக்கை பாதிப் பரப்பில் மேய்ந்தால் மீதிக் காட்டில் ஒரு துளிர்கூடத் தலையெடுக்காது. அடுத்த மேலாண்மைத் திட்டம் எழுதும்போது அந்த மீதியும் "சீரழிந்த காடு" ஆகிவிடும். தீயும் அப்படித்தான். தைலமரச் சருகில் எண்ணெய் உண்டு. உரிந்து தொங்கும் பட்டை தீயைக் காற்றில் தூக்கிப்போகும். தோப்புக்குள் வெளிச்சம் தாராளமாக விழுவதால் உண்ணிச்செடி (லாண்டானா) புகுந்துவிடும். கொண்டைக்குருவி அதன் பழத்தைத் தின்று பக்கத்துக் காட்டில் விதைக்கும். உண்ணிப்புதர் தீயைத் தரையிலிருந்து மரத்தின் கொப்புக்கு ஏற்றிவிடும் ஏணி.

யானைக்குத் தைலத்தோப்பு மறைவிடம் தருகிறது, தீனி தருவதில்லை. ராகி முற்றும் பருவத்தில் ஜவளகிரி, தளி வழியாகச் சானமாவு வரை வரும் கூட்டங்களுக்கு இப்படிப்பட்ட தோப்பு எதற்குப் பயன்படும் என்று யோசித்துப் பாருங்கள். பகலில் நிழலில் நிற்க, இரவில் பக்கத்து வயலில் இறங்க. கல்மூங்கிலும் இலந்தையும் புல்லும் உள்ள காடாக இருந்தால் பகலிலேயே பாதி வயிறு நிறையும். 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என இரண்டு வனவிலங்குச் சரணாலயங்கள் இங்கே அறிவிக்கப்பட்டன. இரண்டும் சேர்ந்து 1,190 சதுர கிலோமீட்டர். ஆற்றோர நீர்மருது மரங்களின் கொப்பிலிருந்து கொப்புக்குத் தாவி வாழும் சாம்பல் நிற மலை அணிலுக்குப் பரப்பைவிடக் கொப்புகள் தொட்டுக்கொண்டு நிற்பதே முக்கியம். நடுவில் அறுபது மீட்டர் இடைவெளி விழுந்தால் அதற்குக் காடு அங்கேயே முடிந்துவிட்டது.

இவ்வளவும் அறிக்கையில் ஏன் தெரிவதில்லை? இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனத்தின் வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரநிழல் 10 சதவீதம் இருந்தால் அது வனப்பரப்பு. யாருடைய நிலம், எந்த மரம் என்ற கேள்வி இல்லை. மாந்தோப்பும் வனப்பரப்பு, தைலத்தோப்பும் வனப்பரப்பு. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 33 சதவீத இலக்கை வைத்திருக்கிறது. அந்த இலக்கை விவசாய நிலத்து மரங்களாலும் எட்டலாம், காப்புக்காட்டில் முட்காட்டை அழித்துத் தோப்பு வைத்தும் எட்டலாம். செயற்கைக்கோள் படத்தில் இரண்டாவது வழிதான் சீக்கிரம் பச்சையாகத் தெரியும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1988 தேசிய வனக் கொள்கை, இயற்கைக் காடுகள் மரபுவளச் சேமிப்பு என்பதால் தோப்பு வளர்ப்பதற்கோ வேறு எதற்குமோ அவற்றைத் தொழிற்சாலைகளுக்குத் தரக்கூடாது என்கிறது. ஆலைகள் தங்களுக்கான மரத்தை வளர்ப்போரிடம் நேரடியாகப் பெற வேண்டும் என்கிறது. இயற்கையாக வளர்ந்த மரங்களை அகற்றிவிட்டு மறுநடவு செய்ய ஒன்றிய அரசின் முன் அனுமதி வேண்டும் என்பது 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு. முழங்கால் உயரத் தூர் "மரம்" ஆகுமா என்று வாதிடலாம். எங்கள் வாசிப்பில் ஆகும்.

இனி, செய்ய வேண்டியது.

எண்ணும் முறை எளிது. 10 ஹெக்டேர் நிலத் துண்டுக்குப் பத்து கட்டங்கள், ஒவ்வொன்றும் 10 மீட்டருக்கு 10 மீட்டர். சரியாக ஒரு சதவீத மாதிரி. சாலையோரத்தில் நான்கு பேர் நின்று எளிதான இடத்தில் கயிறு பிடிக்கக் கூடாது. வரைபடத்தில் சம தூரக் கோடு போட்டு, கோடு விழும் இடத்தில் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் எழுத வேண்டியவை: நம் மண்ணுக்குரிய இனங்களின் உயிருள்ள தூர்கள், முழங்காலுக்குக் கீழ் உள்ள கன்றுகள், மார்பளவுக்கு மேல் எழுந்தவை, 100 மீட்டருக்குள் விதை தரும் தாய்மரம் இருக்கிறதா, உண்ணிச்செடி எத்தனை பங்கு, ஆட்டுப்புழுக்கை உண்டா. காலம் ஐப்பசி. சித்திரையில் எண்ணினால் பாதி தூர் காய்ந்த குச்சியாகத் தெரியும், "இல்லை" என்று எழுதிவிடுவார்கள். நட்ட கன்றின் பிழைப்புக் கணக்குக்கும் இதே விதி வேண்டும். கோடையில் தண்டு காய்ந்த ஆச்சாவைச் செத்த கணக்கில் எழுதினால், அடுத்த ஆண்டு அந்த இனமே நடவுப் பட்டியலிலிருந்து போய்விடும். எங்கே போனாலும் வேம்பும் புங்கனும் மட்டுமே நடப்படுவதற்கு ஒரு காரணம் இந்தத் தப்புக் கணக்கு.

கட்டத்துக்குச் சராசரி நான்கு தூர் அல்லது அதற்கு மேல் வந்தால், அதாவது ஹெக்டேருக்கு 400, குழியே வேண்டாம் என்பது எங்கள் பரிந்துரை. ஒன்றுக்குக் குறையாமல், நான்குக்குக் கீழே என்றால் வெற்றிடத்தில் மட்டும் நிரப்பு நடவு. ஒன்றுக்கும் குறைவு என்றால் கலப்பு நடவு, குறைந்தது பதினைந்து இனங்கள், ஜேசிபி இல்லாமல், குழி எடுக்கும் இடத்தில் மட்டும் கைவெட்டு.

குழி வேண்டாத நிலத்தில் செலவு காவலுக்குப் போகும். மூன்று முதல் ஐந்து மழைக்காலம் மேய்ச்சலைத் தள்ளிவைக்க வேண்டும். முழுக்காட்டையும் ஒரே நேரத்தில் மூடினால் முன்சொன்ன சிக்கல் வரும். மூன்றில் ஒரு பங்கை மூடி, மீதியைத் திறந்து, முறை வைத்து மாற்ற வேண்டும். எந்தப் பங்கு முதலில் என்பதை மேய்ப்போரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். கேட்காமல் போட்ட வேலி ஒரு கோடைகூடத் தாங்காது. தூர்களில் கடிபட்டுக் கோணிய தண்டுகளை மழைக்கு முன் அரிவாளால் தரையை ஒட்டிச் சாய்வாக ஒரே வெட்டில் எடுக்க வேண்டும். மொட்டை அரிவாளால் நான்கு முறை கொத்தினால் தூர் பிளந்து கரையான் ஏறும். முதல் ஆண்டில் தூருக்கு இரண்டு மூன்று துளிர்களை விட்டு, இரண்டு ஆண்டு கழித்து ஒன்றாக்கலாம். விராலி, காரை போன்ற புதர்களைத் தொடாதீர்கள். அவை ஆட்டின் வாயிலிருந்து கன்றைக் காப்பாற்றும் இலவச வேலி.

உண்ணிச்செடியை மேலே வெட்டினால் இரட்டிப்பாகத் துளிர்க்கும், கொளுத்தினால் இன்னும் மோசம். தண்டும் வேரும் சேரும் இடத்துக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் கீழே மண்வெட்டியால் ஆணிவேரை அறுத்து, புதரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுக் காயவிட வேண்டும். பழம் பிடிக்கும் முன் செய்ய வேண்டும். பிறகு இரண்டு ஆண்டு, பறவை அமரும் மரங்களின் அடியில் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்க வேண்டும். காலியான இடத்தில் அதே மழையில் கொழுக்கட்டைப்புல், ஊசிப்புல் விதையைத் தூவாவிட்டால் திரும்பவும் உண்ணிதான் வரும். ஒரே ஆண்டுக்கு நிதி ஒதுக்கி உண்ணி எடுக்கும் திட்டம் பணத்தை மண்ணில் போடுவதற்குச் சமம்.

பழைய தைலத்தோப்புகளைத் திருப்புவது நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. பல ஆண்டு கவனிப்பில்லாமல் கிடந்த தோப்புக்குள் வேம்பு, சந்தனம், வெட்பாலை, துரிஞ்சி தானாக வந்திருக்கும். முதலில் அவற்றுக்குச் சுண்ணாம்பு வளையம் போடுங்கள். வெட்டும் ஒப்பந்தத்தில் வளையம் போட்ட கன்று ஒன்றுக்கு இவ்வளவு அபராதம் என்று எழுதுங்கள். மரத்தை இழுத்துப்போகும் பாதையை முன்பே குறித்துக்கொடுங்கள், இல்லையென்றால் கோடரி விட்டுவைத்ததை டிராக்டர் முடித்துவிடும். வெட்டு மார்கழி, தையில் நடந்து, எண்ணெய்ச் சருகும் கொப்பும் மாசிக்குள் வெளியே போய்விட வேண்டும். மாசியில் தீப்பருவம் தொடங்கிவிடும். முழுத் தோப்பையும் ஒரே ஆண்டில் மொட்டையடிக்கக் கூடாது. முதலில் பள்ளத்தின் இரு கரையிலும் முப்பது முப்பது மீட்டர். அங்கே நீர்மருது, நாவல், அத்தி, புங்கன். பிறகு பட்டை பட்டையாக.

வெட்டியதோடு தைலமரம் சாகாது. அடியில் கிழங்குபோல் பருத்த பகுதியில் மொட்டுகள் உறங்கிக்கிடக்கின்றன. மண்ணை ஒரு சாண் விலக்கி, அடிக்கட்டையின் பட்டையைக் கீழ்வரை முழுவதும் உரிக்க வேண்டும். அப்படியும் வரும் துளிர்களை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை, முழங்கால் உயரம் வரும் முன் முறித்துவிட வேண்டும், குறைந்தது ஒன்றரை ஆண்டு. ஒரு முறை தவறினால் வேர் மறுபடி பலம் பெற்றுவிடும், கணக்கு முதலிலிருந்து தொடங்கும். சரிவில் ஜேசிபி வைத்து அடிக்கட்டையைப் பிடுங்குவது வேகமாகத் தெரியும். அடுத்த மழையில் மேல்மண் ஏரிக்குப் போகும், புரண்ட இடத்தில் உண்ணி முளைக்கும்.

தேக்கு நம் நாட்டு மரம்தானே என்பார்கள். தனித்தேக்குத் தோப்பும் காடாகாது. அகல இலையில் மழைத்துளிகள் ஒன்றுசேர்ந்து பெரிய சொட்டாக விழுகின்றன. கீழே செடியில்லாத தரையில் அந்தச் சொட்டு மண்ணை அறுக்கும். சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று நெருக்கி நடும் மியாவாக்கி குறுங்காடு ஓசூர் சிப்காட் வளாகத்துக்கோ பள்ளிக்கூட மூலைக்கோ நன்றாக இருக்கலாம், காப்புக்காட்டுக்கு வேண்டாம். நம் காடு இயல்பிலேயே இடைவெளி விட்ட காடு, நடுவில் புல் இருக்க வேண்டும்.

காகிதக்கூழும் ஒட்டுப்பலகையும் வேண்டும், மறுக்கவில்லை. அந்த மரம் பட்டா நிலத்தில் வளரட்டும். அங்கேயும் ஒரே குளோனை (ஒரே தாய்மரத்தின் நகல் கன்றுகளை) ஊர் முழுக்க வைப்பது சூதாட்டம். 2000-களின் தொடக்கத்தில் இலைக்காம்பில் முடிச்சு உண்டாக்கும் சிறுகுளவி வந்தபோது இளந்தோப்புகள் வரிசையாகப் படுத்ததை மறக்க வேண்டாம். கிணற்றுக்கும் ஏரி வரத்துவாய்க்காலுக்கும் அருகில் தைலமரத்துக்குப் பதில் மலைவேம்பு, வேங்கை போன்றவற்றை வரப்பில் வைக்கச் சொல்லலாம். 2017-இல் கர்நாடகம் புதிதாகத் தைலமரம் நடுவதற்குத் தடை போட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு அந்தத் தேவை ஆலைகள் வழியாக வந்து சேரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கடைசியாக, படிவம். நடவு அறிக்கையில் "நடப்பட்ட கன்றுகள்" என்ற பத்திக்கு முன்னால் "நடவுக்கு முன் இருந்த தூர்கள்" என்று ஒரு பத்தி சேர்க்க அரசாணை தேவைப்படாது என்று நினைக்கிறோம். இந்த ஐப்பசியில் ஒவ்வொரு வனச்சரகத்திலும் ஒரே ஒரு நிலத் துண்டில் எண்ணிப் பார்த்து, முடிவைச் சரக அலுவலகப் பலகையில் தமிழில் ஒட்டுங்கள். கயிறு, சுண்ணாம்பு, நோட்டு மூன்றும் போதும். பத்து கட்டத்தை நான்கு பேர் இரண்டு நாளில் முடிக்கலாம். இனம் அடையாளம் காண அந்தந்த ஊர் இருளர், மலையாளி பழங்குடி மக்களில் கடுக்காயும் சீயக்காயும் எடுக்கப் போகிறவர்களை நாள்கூலிக்கு அமர்த்துங்கள். இலையில்லாத குச்சியைக் கீறி முகர்ந்தே பெயர் சொல்வார்கள்.

இப்படிக்கு,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காட்டுமர நாற்றங்காலிலும் காடு மீட்புப் பணியிலும் இருப்போர்